டிஎன்எம்டி1 இன்ஹிபிட்டர் தேட எந்த ஃப்ளூரசன்ஸ் அஸே? எது எப்படிப் பொய் சொல்லும்னு பார்த்து ஒரு ஒப்பீடு

பிளேட் ரீடர் இருக்கு, டிஎன்எம்டி1 என்சைமை சுத்தம் பண்ணி சின்னச் சின்ன ட்யூப்ல மைனஸ் 80ல வச்சாச்சு, டெஸ்ட் பண்ண வேண்டிய காம்பவுண்டுகளும் டிஎம்எஸ்ஓல கரைச்சு ரெடி, இப்போ எந்த அஸே (என்சைமோட வேலையை அளக்கற சோதனை முறை) எடுக்கறதுன்னு முடிவு பண்ணணும். இந்த இடத்துல பெரும்பாலும் ரெண்டே கேள்விதான் வரும், எது சென்சிடிவ், எது விலை கம்மி. ரெண்டும் தேவையான கேள்விதான், ஆனா நான் முதல்ல கேக்கறது வேற: இந்த அஸே பொய் சொன்னா எந்தப் பக்கமா சொல்லும்? இன்ஹிபிட்டர் (என்சைமை அடக்கற பொருள்) தேடல்ல பொய்யே சொல்லாத அஸேன்னு ஒண்ணு கிடையாது, ஒரு பெரிய கலெக்ஷனை ஓட்டினா நிஜ இன்ஹிபிட்டர் விரல் விட்டு எண்ற அளவுக்குத்தான் இருக்கும், பொய் ஹிட் (இன்ஹிபிட்டர் மாதிரி தெரியற, ஆனா அது இல்லாத பொருள்) அதைவிட நிறைய வரும், அப்போ அந்தப் பொய் எங்கிருந்து வருது, அதை எப்படிக் கழிச்சுக் கட்டறதுன்னு நமக்குத் தெரிஞ்ச அஸேதான் வேலைக்கு ஆகும்.

டிஎன்எம்டி1 என்ன பண்ணுதுன்னு சுருக்கமா சொல்லிடறேன். செல்லுல டிஎன்ஏ காப்பி ஆனதும் பழைய இழைல மெத்தில் இருக்கும், புது இழைல இருக்காது, அந்தப் பாதி மெத்தில் ஆன சிஜி இடத்தைக் கண்டுபிடிச்சு புது இழையோட சைட்டோசின்லயும் ஒரு மெத்தில் வைக்கறது இதோட வேலை. மெத்தில் வர்றது எஸ்-அடினோசில்மெத்தியோனின்கிட்ட இருந்து, எஸ்ஏஎம்னு சொல்லுவோம், குடுத்து முடிச்சதும் அது எஸ்ஏஹெச் ஆகிடும். கேன்சர்ல ட்யூமரை அடக்கி வைக்க வேண்டிய சில ஜீன்கள் மெத்தில் ஏறி மூடிக் கிடக்கும், அதைத் திறக்கலாம்ங்கற நம்பிக்கைலதான் இந்த என்சைமுக்கு இத்தனை தேடல். அமெரிக்க எஃப்டிஏ எம்டிஎஸ்ங்கற எலும்பு மஜ்ஜை நோய்க்கு அசாசிடிடினை 2004லயும் டெசிடபினை 2006லயும் அனுமதிச்சாங்க. ஆனா ஒண்ணு கவனிக்கணும், இந்த ரெண்டும் செல்லுக்குள்ள போய், பாஸ்பேட் ஏறி, டிஎன்ஏவுக்குள்ளயே ஒரு பேஸா சேர்ந்து, அதுக்கப்புறம்தான் என்சைமை கோவேலன்டா பிடிச்சு மாட்ட வைக்கும். சுத்தமான என்சைமும் ஒரு துண்டு டிஎன்ஏவும் மட்டும் இருக்கற ட்யூப்ல அசாசிடிடினை எவ்வளவு போட்டாலும் ஒண்ணும் நடக்காது. "பாசிட்டிவ் கன்ட்ரோலே வேலை செய்யல, என்சைம் கெட்டுப்போச்சு"ன்னு புதுசா வர்ற ஸ்டூடன்ட் சொல்றப்போ பல தடவை இதுதான் காரணமா இருக்கும். எஸ்ஏஹெச் இல்லன்னா சினிஃபங்கின் வைங்க, ரெண்டும் எஸ்ஏஎம் உட்கார்ற இடத்துலயே போய் உட்காரும்.

இன்னொண்ணு, டிஎன்எம்டி1 ரொம்ப மந்தமான என்சைம். ரெஸ்ட்ரிக்ஷன் என்சைமோ நியூக்ளியேஸோ மாதிரி மளமளன்னு வேலை பண்ணாது, ஒரு மெத்தில் வச்சு அடுத்ததுக்குப் போக நிமிஷக் கணக்குல எடுக்கும். அதோட ஆர்எஃப்டிஎஸ்னு ஒரு பகுதி டிஎன்ஏ உட்கார்ற இடத்தை அடைச்சுக்கிட்டு என்சைமைத் தானே அடக்கி வச்சிருக்கும், அதனால அஸேக்கு நிறைய பேர் அந்தப் பகுதியை வெட்டிட்ட துண்டைத்தான் பயன்படுத்தறாங்க. சிக்னல் கம்மியா வர்ற என்சைம்ங்கறதாலதான் எந்த முறையை எடுக்கறோம்ங்கறது இங்க இவ்வளவு முக்கியமாகுது.

முதல் வேட்பாளர் பிரேக்-லைட். என்னோட ஓட்டும் இதுக்குத்தான், அதனால இதைப் பத்தி கொஞ்சம் நீளமாவே சொல்றேன். 1996ல நியூயார்க்ல சஞ்சய் தியாகியும் ஃப்ரெட் கிரேமரும் மாலிக்யூலர் பீக்கன்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, கொண்டை ஊசி மாதிரி மடிஞ்ச டிஎன்ஏ, ஒரு முனைல ஒளிர்ற ஃப்ளூரோஃபோர், இன்னொரு முனைல அந்த வெளிச்சத்தை அணைக்கற க்வென்ச்சர், மடிஞ்சிருக்கறவரை வெளிச்சம் வராது, பிரிஞ்சா வரும். 2000ல ஜான் தார்சன் குழு அதையே கொஞ்சம் மாத்தி, தண்டுப் பகுதி வெட்டுப்பட்டா வெளிச்சம் வர்ற மாதிரி பண்ணி அதுக்கு பிரேக்-லைட்னு பேர் வச்சாங்க. டிஎன்எம்டி1 எதையும் வெட்டாது, மெத்தில்தான் வைக்கும், அதனால நடுவுல ஒரு ஆள் தேவை, அதுதான் க்ளா-ஒன்ங்கற ரெஸ்ட்ரிக்ஷன் என்சைம். ஜிசிஜிசிங்கற இடத்துல ரெண்டு இழைலயும் மெத்தில் இருந்தாத்தான் க்ளா-ஒன் நல்லா வெட்டும், ஒரு இழைல மட்டும் இருந்தா கிட்டத்தட்ட தொடாது. நாம ஒரு பக்கம் மட்டும் மெத்தில் வச்ச ஹேர்பின்னை (அந்தக் கொண்டை ஊசி டிஎன்ஏதான்) ஆர்டர் பண்ணிக்கறோம், டிஎன்எம்டி1 மறுபக்கம் மெத்தில் வைக்குது, க்ளா-ஒன் உடனே வெட்டுது, ஃப்ளூரோஃபோர் இருக்கற துண்டு கழண்டு வெளிய வந்து ஒளிருது. எல்லாம் ஒரே கிணத்துல நடக்குது, கழுவறது இல்ல, மாத்தி ஊத்தறது இல்ல, ரீடர் ஒவ்வொரு நிமிஷமும் படிச்சுக்கிட்டே இருக்கும், திரைல முதல்ல கொஞ்ச நேரம் கோடு தரையோட படுத்திருக்கும், அப்புறம் நேரா ஏற ஆரம்பிக்கும். முதல்ல படுத்திருக்கறது கோளாறு இல்ல, ரெண்டு என்சைம் சங்கிலியா வேலை செய்யற எந்த அஸேலயும் முதல் என்சைமோட ப்ராடக்ட் கொஞ்சம் சேர்ற வரைக்கும் அப்படித்தான் இருக்கும், அதனால ஸ்லோப் (கோடு ஏறற வேகம்) எடுக்கறப்போ அந்தப் பகுதியை விட்டுட்டு எடுங்க.

இதுல நீங்க அளக்கறது நிஜமா டிஎன்எம்டி1ஐத்தானா, இல்ல க்ளா-ஒன்னைத்தானான்னு பார்க்க ஒரு டெஸ்ட் இருக்கு, இதை செய்யாம ஒரு காம்பவுண்டைக்கூட ஓட்டக் கூடாதுன்னு நான் பிடிவாதமா சொல்லுவேன். டிஎன்எம்டி1 அளவை அப்படியே வச்சுட்டு க்ளா-ஒன்னை ரெண்டு மடங்கு ஆக்குங்க, ஸ்லோப் மாறக் கூடாது. க்ளா-ஒன்னை அப்படியே வச்சுட்டு டிஎன்எம்டி1ஐ ரெண்டு மடங்கு ஆக்குங்க, ஸ்லோப் ரெண்டு மடங்கு ஆகணும். முதல் டெஸ்ட்ல ஸ்லோப் ஏறிச்சுன்னா க்ளா-ஒன் பத்தலன்னு அர்த்தம், அந்த நிலைமைல வர்ற ஹிட்ல பாதி க்ளா-ஒன்னோட இன்ஹிபிட்டராத்தான் இருக்கும்.

சரி, பிரேக்-லைட் எப்படிப் பொய் சொல்லும்? இங்க இன்ஹிபிட்டர்னா சிக்னல் குறையும். அதனால தானாவே ஒளிர்ற காம்பவுண்ட் இங்க பொய் ஹிட்டா வராது, உல்டாவா, அது நிஜ இன்ஹிபிட்டரா இருந்தாக்கூட அதோட சொந்த வெளிச்சத்துல மறைஞ்சு தப்பிச்சுடும். பொய் ஹிட்டா வர்றது நாலு கூட்டம்: வெளிச்சத்தை உறிஞ்சற கலர் காம்பவுண்டுகள், க்ளா-ஒன்னை அடக்கறவை, டிஎன்ஏவுக்குள்ள புகுந்து உட்கார்ற இன்டர்கலேட்டர்கள், அப்புறம் சின்ன உருண்டைகளா திரண்டு புரதத்தை ஒட்டிப் பிடிச்சுக்கற அக்ரிகேட்டர்கள். கடைசிக் கூட்டத்துக்கு பஃபர்ல 0.01 சதவீதம் ட்ரைட்டான் எக்ஸ்-100 போட்டாலே பெரும்பகுதி ஓடிடும். முதல் மூணு கூட்டத்தையும் ஒரே அடில பிடிக்க வழி இருக்கு, ரெண்டு இழைலயும் ஏற்கனவே மெத்தில் வச்ச அதே ஹேர்பின்னை தனியா ஆர்டர் பண்ணிடுங்க, டிஎன்எம்டி1 போடாம க்ளா-ஒன் மட்டும் போட்டு ஹிட்டை எல்லாம் திரும்ப ஓட்டுங்க, இங்கயும் சிக்னல் குறைஞ்சா அந்தக் காம்பவுண்ட் டிஎன்எம்டி1க்கு சொந்தமில்ல. ஒரு கூடுதல் ஆலிகோவோட (ஆர்டர் பண்ணி வாங்கற சின்ன டிஎன்ஏ துண்டு) விலைல இவ்வளவு பெரிய சல்லடை கிடைக்குதுங்கறதுதான் இந்த அஸேயை நான் மத்ததுக்கு மேல வைக்கறதுக்கு முதல் காரணம்.

இந்த முறையோட பலம் நிஜ வேலைல தெரிஞ்ச ரெண்டு இடத்தை சொல்றேன். 2013ல சார்ல்ஸ் ப்ரென்னர் குழு லக்கேயிக் ஆசிட் ஏங்கற பொருளை டிஎன்எம்டி1 இன்ஹிபிட்டர்னு காட்டினாங்க. இது நம்ம அரக்குப் பூச்சிகிட்ட இருந்து வர்ற சிவப்புச் சாயத்துல இருக்கற அதே பொருள்! சாயம்னாலே ஃப்ளூரசன்ஸ் அஸேல சந்தேகப்படணும், ஆனா அவங்க கேஐ மதிப்பு (எவ்வளவு இறுக்கமா பிடிக்குதுன்னு சொல்ற எண், சின்னதா இருந்தா இறுக்கம் அதிகம்) 310 நானோமோலார்னு கணக்குப் போட்டு, அது டிஎன்ஏ உட்கார்ற இடத்துக்குப் போட்டி போடுதுன்னும் காட்டினாங்க, கலருங்கற ஒரே காரணத்துக்காக ஒரு ஹிட்டைத் தூக்கிப் போடக் கூடாதுங்கறதுக்கு இது நல்ல உதாரணம். அடுத்தது ஜிஎஸ்கே கம்பெனி 2021ல வெளியிட்ட டைசயனோபிரிடின் வகை, ஜிஎஸ்கே3685032ன்னு பேரு. அவங்க தேடலோட ஆரம்பமும் பிரேக்-லைட்தான், அதுக்கப்புறம் ரேடியோஆக்டிவ் முறைலயும் சரிபார்த்தாங்க. இதே குடும்பத்து டிஎன்எம்டி3ஏ, 3பி பக்கம் போகாம டிஎன்எம்டி1ஐ மட்டும், அதுவும் கோவேலன்டா மாட்டாம அடக்கற பொருள் அது.

இந்த ஜிஎஸ்கே பொருள்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு விஷயம், அதோட க்ரிஸ்டல் ஸ்ட்ரக்சரைப் பார்த்தா அந்த மாலிக்யூல் டிஎன்ஏவுக்குள்ளதான் புகுந்து உட்கார்ந்திருக்கு, ஆனா கண்ட இடத்துல இல்ல, டிஎன்எம்டி1 பிடிச்சு வச்சிருக்கற அந்தப் பாதி மெத்தில் ஆன சிஜி ஜோடிகளுக்கு நடுவுல, என்சைமோட ஒரு லூப் நுழைய வேண்டிய இடத்தை அடைச்சுக்கிட்டு. இன்டர்கலேட்டர்னா குப்பைன்னு கண்ணை மூடிக்கிட்டு ஒதுக்கறவங்க இதைக் கொஞ்சம் யோசிக்கணும். எத்திடியம் ப்ரோமைடு டிஎன்ஏல இருந்து வெளிய தள்ளப்படுதான்னு ஒரு டெஸ்ட் பண்ணுவோம் இல்லையா, அது வெறும் டிஎன்ஏவோட நடக்கற டெஸ்ட், என்சைம் சேர்ந்தாத்தான் உட்கார்ற பொருளைப் பத்தி அது எதுவும் சொல்லாது. நல்ல கேள்வி என்னன்னா, வெறும் டிஎன்ஏவோட ஒட்டுதா, இல்ல என்சைம் இருந்தாத்தான் ஒட்டுதா? அதுக்கு ரியாக்ஷன்ல சம்பந்தமில்லாத சால்மன் டிஎன்ஏவைக் கூடுதலா போட்டுப் பாருங்க, சும்மா டிஎன்ஏல ஒட்டற காம்பவுண்டோட ஐசி50 (என்சைமைப் பாதியா அடக்கத் தேவையான அளவு) வேகமா மேல ஏறிடும். சால்மன் டிஎன்ஏ என்சைமையும் கொஞ்சம் இழுத்துக்கும்ங்கறதால காம்பவுண்ட் இல்லாத கன்ட்ரோலையும் அதே அளவு டிஎன்ஏவோட வச்சு ஒப்பிடுங்க.

ரெண்டாவது வேட்பாளர், பிரேக்-லைட்டோட உல்டா, பாதுகாப்பு முறைன்னு சொல்லலாம். சிசிஜிஜிங்கற இடத்தை ஹெச்பா-டூ வெட்டும், ஆனா மெத்தில் இருந்தா வெட்டாது. மெத்தில் வைக்கற என்சைம் வேலை செஞ்சா டிஎன்ஏ தப்பிச்சுடும், வெளிச்சம் வராது, இன்ஹிபிட்டர் இருந்தா மெத்தில் வராது, ஹெச்பா-டூ வெட்டும், வெளிச்சம் வரும். இன்ஹிபிட்டருக்கு சிக்னல் ஏறுதுங்கறது கேக்க நல்லா இருக்கும், இதுல இன்னொரு அழகும் இருக்கு, வெட்டற என்சைமை அடக்கற காம்பவுண்டும் இன்டர்கலேட்டரும் இங்க ஹிட்டாவே வராது, தானா கழிஞ்சுடும். ஆனா தானா ஒளிர்ற காம்பவுண்ட் எல்லாம் இங்க வந்து ஹிட் பட்டியல்ல முதல் வரிசைல நிக்கும், பொய் பக்கம் மாறுதுன்னு நான் சொல்றது இதைத்தான். இதைவிட பெரிய சிக்கல், பாதி மெத்தில் ஆன இடத்தையும் ஹெச்பா-டூ கிட்டத்தட்ட வெட்டாது, டிஎன்எம்டி1க்கு நாம குடுக்கற சப்ஸ்ட்ரேட்டே பாதி மெத்தில் ஆனதுதானே, அப்போ ஆரம்பத்துலயே அது பாதுகாக்கப்பட்டதாத்தான் இருக்கும், என்சைம் வேலை செஞ்சாலும் செய்யாட்டாலும் ஒரே சிக்னல். அதனால இந்த முறை டிஎன்எம்டி1க்கு ஆகாது. மெத்திலே இல்லாத டிஎன்ஏல இருந்து ஆரம்பிக்கற எம்.எஸ்எஸ்எஸ்-ஒன் மாதிரி பாக்டீரியா என்சைமுக்கும், டிஎன்எம்டி3ஏ குடும்பத்துக்கும் யோசிக்கலாம், அங்கயும் கிட்டத்தட்ட முழு டிஎன்ஏவும் மெத்தில் ஆற வரைக்கும் ரியாக்ஷனை ஓட்டணும், அவ்வளவு தூரம் ஓட்டினா பலவீனமான இன்ஹிபிட்டரோட தாக்கம் கண்ணுக்கே தெரியாது.

மூணாவது, எஸ்ஏஹெச்சைப் பிடிக்கற முறைகள். எந்த மெத்தில் ட்ரான்ஸ்ஃபரேஸா இருந்தாலும் எஸ்ஏஹெச் வரும், அதனால ஒரே கிட்டை டிஎன்எம்டி1, 3ஏ, 3பி, ஹிஸ்டோன் பக்கத்து என்சைம்கள்னு எல்லாத்துக்கும் ஓட்டலாம், செலக்டிவிட்டி பார்க்கறவங்களுக்கு இது பெரிய வசதி. பழைய வழி ஒண்ணு இருக்கு, எஸ்ஏஹெச்சை ஹோமோசிஸ்டீனா உடைச்சு அதோட தயால்ல (சல்ஃபர் இருக்கற முனை) சிபிஎம் மாதிரி ஒரு டையைக் கோத்து வெளிச்சத்தை அளக்கறது, 2005ல ஹிஸ்டோன் மெத்தில் ட்ரான்ஸ்ஃபரேஸ்களுக்கு வந்தது. டிஎன்எம்டி1க்கு இதை நான் சிபாரிசு பண்ண மாட்டேன், ஏன்னா அந்த டை தயால் எங்க இருந்தாலும் போய் ஒட்டும், பஃபர்ல டிடிடிங்கற ரெட்யூசிங் ஏஜென்ட் போட முடியாது, டிஎன்எம்டி1ல சிஸ்டீன் ஏகப்பட்டது இருக்கு, மெத்தில் வைக்கற வேலையைச் செய்யறதே ஒரு சிஸ்டீன்தான், ரெட்யூசிங் ஏஜென்ட் இல்லாம அது சீக்கிரம் சோர்ந்துபோயிடும். போதாக்குறைக்கு சிபிஎம் ஒளிர்றது நீலப் பக்கம், காம்பவுண்ட் கலெக்ஷன்கள்ல தானா ஒளிர்ற பொருள் அதிகமா இருக்கறதும் அந்தப் பக்கம்தான். ஆன்டிபாடி வச்சு போலரைசேஷனாவோ டிஆர்-ஃப்ரெட்டாவோ (ரெண்டு டைக்கு நடுவுல ஆற்றல் தாவறதைப் பார்க்கறது) படிக்கற புது கிட்டுகள் நல்லாவே வேலை செய்யும், விலை மட்டும் கையைக் கடிக்கும். ஒரு எச்சரிக்கை, கடைல வாங்கற எஸ்ஏஎம்லயே கொஞ்சம் எஸ்ஏஹெச் கலந்திருக்கும், வச்சிருந்தா இன்னும் கூடும், டிஎன்எம்டி1 மாதிரி மந்தமான என்சைம் உண்டாக்கற கொஞ்சூண்டு எஸ்ஏஹெச்சை அந்தப் பின்னணிக்கு மேல பார்க்கறது கஷ்டம், நல்ல தரமான எஸ்ஏஎம் இல்லாம இந்த வழில இறங்காதீங்க.

ஃப்ளூரசன்ஸ் போலரைசேஷன் வச்சு நேரா பைண்டிங் பார்க்கற வழியும் இருக்கு. டிஎன்ஏ துண்டுல ஒரு ஃப்ளூரசீன் ஒட்டி விட்டா, தனியா இருக்கறப்போ வேகமா சுத்தும், போலரைசேஷன் கம்மி, டிஎன்எம்டி1 பிடிச்சா மெதுவா சுத்தும், போலரைசேஷன் ஏறும். ரெண்டு திசை வெளிச்சத்தோட விகிதத்தை எடுக்கறதால லேசா க்வென்ச் ஆனாலோ வால்யூம் கொஞ்சம் தப்பினாலோ பெரிசா பாதிக்காது, இது நல்ல குணம். ஆனா இது மெத்தில் வைக்கறதைப் பார்க்கறதே இல்ல, டிஎன்ஏவை விட்டு என்சைமைத் தள்ளற காம்பவுண்டை மட்டும்தான் காட்டும், எஸ்ஏஎம் இடத்துல உட்கார்ற நல்ல இன்ஹிபிட்டர் இதுல சத்தமில்லாம கடந்து போயிடும். முதல் ஸ்க்ரீனா எடுக்கறதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன், ஹிட் கிடைச்ச பிறகு அது எங்க உட்காருதுன்னு பார்க்க கட்டாயம் எடுப்பேன்.

2-அமினோப்யூரின் பத்தியும் கேப்பாங்க. அடினின் மாதிரியே இருக்கற, ஆனா ஒளிர்ற பேஸ் அது, பக்கத்து பேஸ்களோட அடுக்கா இருக்கறப்போ மங்கிடும், பேஸை என்சைம் வெளிய திருப்பி எடுத்தா பளிச்சுனு ஆகும். எம்.ஹெச்ஹெச்ஏ-ஒன்ங்கற பாக்டீரியா என்சைம் சைட்டோசினை டிஎன்ஏல இருந்து முழுசா வெளிய திருப்பறதை 1994ல க்ரிஸ்டல்ல பார்த்தப்போ எல்லாரும் அசந்து போனாங்க, அதை கரைசல்லயே பார்க்க வழி குடுத்தது இந்த 2-அமினோப்யூரின்தான். மெக்கானிசம் படிக்கறவங்களுக்கு இது அருமையான கருவி. ஸ்க்ரீனிங்குக்கு ஆகாது, எக்சைட் பண்றது 310 நானோமீட்டர் பக்கம், அங்க பாதி காம்பவுண்ட் உறிஞ்சும், மீதில கொஞ்சம் தானே ஒளிரும், சாதாரண பிளாஸ்டிக் பிளேட்டே இடைஞ்சல் பண்ணும்.

கழுவிக் கழுவி 5-மெத்தில்சைட்டோசின் ஆன்டிபாடி போடற எலைசா மாதிரி கிட்டுகளை நிறைய பேர் வாங்கறாங்க, அதுல காம்பவுண்டோட சொந்த வெளிச்சம் கழுவறதுலயே போயிடும்ங்கறது நல்லதுதான், ஆனா ஒரு கிணத்துக்கு ஆகற செலவுக்கு ஒரே ஒரு பாயின்ட்தான் கிடைக்கும், ஸ்லோப் கிடையாது, நியூக்ளியர் எக்ஸ்ட்ராக்டோட ஓட்டினா அளந்தது டிஎன்எம்டி1ஆ 3ஏவான்னு பிரிச்சே சொல்ல முடியாது. ரெண்டு மூணு காம்பவுண்டை செல்லோட சேர்த்துக் காட்டணும்னா சரி, தேடறதுக்கு வேண்டாம்.

ட்ரிட்டியம்ங்கற ரேடியோஆக்டிவ் ஹைட்ரஜன் போட்ட எஸ்ஏஎம் இந்த வரிசைல ஃப்ளூரசன்ஸே இல்ல, ஆனாலும் சொல்லாம விட முடியாது, ஏன்னா கடைசி தீர்ப்பு சொல்றது அதுதான். மெத்தில் நிஜமா டிஎன்ஏக்குப் போச்சான்னு நேரா எண்ணும், கலர், க்வென்ச், க்ளா-ஒன் எதுவும் அதை ஏமாத்தாது. இந்தியால இதுக்கு ஏஇஆர்பிங்கற அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தோட அனுமதி வேணும், தனி இடம், கழிவு ஏற்பாடு எல்லாம் வேணும், சின்ன லேப்ல தினம் ஓட்ட முடியாது. அதனால பிரேக்-லைட்ல தேறி, முழு மெத்தில் ஹேர்பின் வச்ச கவுன்ட்டர் ஸ்க்ரீன்லயும் தேறின கடைசி சில காம்பவுண்டுகளை மட்டும் அனுமதி இருக்கற இன்னொரு லேப்போட சேர்ந்து இதுல ஓட்டிப் பாருங்க. ஏற்பாடே இல்லன்னா எஸ்ஏஹெச் பிடிக்கற ஆன்டிபாடி கிட்டை ரெண்டாவது சாட்சியா வைங்க, அது பொய் சொல்ற விதமும் பிரேக்-லைட் பொய் சொல்ற விதமும் வேற வேற, ரெண்டுலயும் ஒரே மாதிரி வந்தா நம்பலாம்.

இனி செடி எக்ஸ்ட்ராக்ட் ஓட்டறவங்களுக்குத் தனியா கொஞ்சம், ஏன்னா நம்ம ஊர் காலேஜ் லேப்கள்ல மூலிகைல இருந்து டிஎன்எம்டி இன்ஹிபிட்டர் தேடற ப்ராஜெக்ட் நிறைய நடக்குது, அதுல வர்ற தப்பு ஹிட்டைப் பார்த்தா எனக்கு மனசு கஷ்டமாத்தான் இருக்கும், ஒரு பிள்ளையோட ரெண்டு வருஷ உழைப்பு அது. எக்ஸ்ட்ராக்ட்ல டானின், பாலிஃபினால் எல்லாம் தாராளமா இருக்கும், அது புரதத்தை ஒட்டிப் பிடிக்கும், மெக்னீசியத்தையும் பிடிச்சு வச்சுக்கும். டிஎன்எம்டி1க்கு மெக்னீசியம் தேவையே இல்ல, ஆனா க்ளா-ஒன்னுக்கு அது இல்லாம நடக்காது, அதனால மெக்னீசியத்தைக் கட்டிப்போடற எந்த எக்ஸ்ட்ராக்டும் பிரேக்-லைட்ல சூப்பர் இன்ஹிபிட்டர் மாதிரி தெரியும். முன்னாடி சொன்ன முழு மெத்தில் ஹேர்பின் கன்ட்ரோல் இங்க ஆப்ஷன் இல்ல, கட்டாயம்.

டை தேர்வும் இங்கதான் பெரிய முடிவு. ஃபாம் டை 495ல எக்சைட் ஆகி 520ல ஒளிரும், விலை கம்மி, எல்லா ரீடர்லயும் ஃபில்டர் இருக்கும், ஆனா மஞ்சள் எக்ஸ்ட்ராக்டுக்கு அது மோசமான தேர்வு. குர்குமினையே எடுத்துக்கோங்க, 425 நானோமீட்டர் பக்கம் உறிஞ்சி பச்சைப் பக்கம் தானே ஒளிரும், அதோட நியூட்ரல் பஃபர்ல 37 டிகிரில அரை மணி நேரத்துல 90 சதவீதம் சிதைஞ்சுடும்னு 1997லயே காட்டியாச்சு, நீங்க ஒரு மணி நேரம் ரியாக்ஷன் ஓட்டினா கிணத்துல பாதி நேரம் இருந்தது குர்குமினே இல்ல, அதோட சிதைவுப் பொருள்கள். அது டிஎன்எம்டி1ஐ அடக்கும்னு பேப்பர்கள் வந்திருக்கு, 2017ல மெடிசினல் கெமிஸ்ட்ரி ஆட்கள் அதோட மொத்தக் கதையையும் எடுத்து வச்சு இது அஸேக்களை ஏமாத்தற பொருள்னு விரிவா எச்சரிச்சும் எழுதிட்டாங்க. சரி, அப்போ சிவப்புக்குப் போயிடலாமேன்னு சை5 எடுத்தா அது ஒளிர்றது 670 பக்கம், இலை எக்ஸ்ட்ராக்ட்ல இருக்கற குளோரோஃபில்லும் அதே இடத்துல உறிஞ்சி அதே பக்கத்துல ஒளிரும். அதனால மஞ்சளுக்கும் வேருக்கும் சை5 சரி, இலைக்கு நடுவுல இருக்கற டாம்ரா, 580 பக்கம் ஒளிர்றது, அதோட பிஹெச்க்யூ-2 க்வென்ச்சர், இதுதான் என் தேர்வு. எந்த டையா இருந்தாலும் காம்பவுண்டும் ஹேர்பின்னும் மட்டும் போட்டு, என்சைம் சேர்க்கறதுக்கு முன்னாடி பிளேட்டை ஒரு தடவை படிச்சுடுங்க, ஒளிர்றது யாருன்னு அந்த ஒரு ரீடிங்லயே தெரிஞ்சுடும், உறிஞ்சறது யாருன்னு வெட்டின ஹேர்பின்னோட சேர்த்துப் படிச்சா தெரியும்.

அளவு விஷயத்துல ரெண்டு வார்த்தை. எஸ்ஏஎம்மை கேஎம் அளவுக்குப் (என்சைம் பாதி வேகத்துல ஓடற எஸ்ஏஎம் அளவு) பக்கத்துலயே வைங்க. எஸ்ஏஎம்மோட போட்டி போடற இன்ஹிபிட்டருக்கு, எஸ்ஏஎம் கேஎம் அளவுல இருந்தா ஐசி50 கேஐயோட 2 மடங்கு, 10 கேஎம்ல வச்சா 11 மடங்கு, நல்ல காம்பவுண்ட் பலவீனமானது மாதிரி தெரிஞ்சு தப்பிப் போயிடும். என்சைமை 50 நானோமோலார்ல ஓட்டினா ஐசி50 25 நானோமோலாருக்குக் கீழ வரவே வராது, அதுக்குக் கீழ இன்னும் நல்ல காம்பவுண்டுகளை ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட இந்த அஸேவால முடியாது, டிஎன்எம்டி1 மந்தம்ங்கறதால என்சைமை அதிகமா போட வேண்டி வரும், அதனால இந்த எல்லை சீக்கிரமே இடிக்கும். இசட்-ப்ரைம் (சிக்னலும் பின்னணியும் எவ்வளவு தெளிவா பிரியுதுன்னு சொல்ற எண்) 0.5க்கு மேல வந்தா ஸ்க்ரீனிங் ஆரம்பிக்கலாம், அதை பிளேட்டோட ஓரக் கிணறுகளையும் சேர்த்துப் பாருங்க, ஆவியாகறது அங்கதான் அதிகம்.

உங்க என்சைம் டிஎன்எம்டி1 இல்லன்னா கணக்கு மாறும். டிஎன்ஏ ரிப்பேர் பக்கத்து ஏபிஇ1 தானே வெட்டற என்சைம், பேஸ் இல்லாத இடம் ஒண்ணை வச்ச ஃப்ளூரோஃபோர்-க்வென்ச்சர் ஜோடி போதும், நடுவுல க்ளா-ஒன் மாதிரி ஆள் தேவையில்ல, இந்தக் குடும்பத்துலயே சுலபமானது அதுதான். பாக்டீரியாவோட டாம் என்சைமுக்கு க்ளா-ஒன் இடத்துல டிபிஎன்-ஒன் வரும், ஜிஏடிசில அடினின் மெத்தில் ஆனா அது வெட்டும், மத்தது எல்லாம் மேல சொன்ன மாதிரியே. எம்ஜிஎம்டிங்கற ரிப்பேர் புரதம் மட்டும் தனி ரகம், ஒரு மாலிக்யூல் ஒரே ஒரு ரிப்பேர் பண்ணிட்டு செத்துப்போயிடும், அங்க ஸ்லோப்புக்கு அர்த்தமே வேற, சிக்னல் எவ்வளவு தூரம் ஏறி நிக்குதுங்கறதுதான் என்சைம் அளவு, 2016ல ஸ்டான்ஃபோர்ட்ல எரிக் கூல் லேப் இதுக்குன்னே ஒரு ப்ரோப் பண்ணாங்க, அதைப் படிச்சுட்டு ஆரம்பிங்க.

டிஎன்எம்டி1 தான்னா முதல் ஆர்டர்ல நாலு ஆலிகோ போடுங்க: பாதி மெத்தில் ஆன ஹேர்பின், முழு மெத்தில் ஆன ஹேர்பின், மெத்திலே இல்லாத ஹேர்பின், அப்புறம் முனைல டை மட்டும் இருக்கற வெட்டின துண்டு. எல்லாமே ஹெச்பிஎல்சில சுத்தம் பண்ணதா கேளுங்க, க்வென்ச்சர் ஒட்டாத ஆலிகோ கொஞ்சம் கலந்திருந்தாலே பின்னணி வெளிச்சம் தூக்கிடும், அப்புறம் நீங்க என்சைமை எவ்வளவு கூட்டினாலும் இசட்-ப்ரைம் 0.5ஐத் தாண்டாது.